செம்போத்தும் கோட்டு நத்தையும்

மழைக்காலத்தில் ராத்திரி ஏழு மணி ஆனால் நான் கொல்லைக்கு இறங்கிவிடுவேன். ஒரு கையில் டார்ச், மறு கையில் ரப்பர் உறை. பின்னால் மருமகள் உப்புத்தண்ணீர் வாளியோடு வருவாள். முல்லைச் செடிகளின் தூரிலும், தென்னை மட்டை குவித்த இடத்திலும் ஆப்பிரிக்க நத்தையைத் தேடிப் பொறுக்குவோம். போன கார்த்திகையில் ஒரே ராத்திரியில் 143 கிடைத்தது.

அதே வெளிச்சத்தில் வேலியோரக் கிளுவையில் வேறொரு நத்தையும் கண்ணில் படும். ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயம் அகலம். வெள்ளை ஓட்டில் கருப்பட்டி நிறத்தில் சுற்றிச் சுற்றிக் கோடு. முதல் நாள் மருமகள் அதையும் பிடுங்கி வாளியில் போடப் போனாள்.

"அதை விடும்மா, அது நம்ம நத்தை" என்றேன்.

"நத்தையில என்னத்தே நம்ம நத்தை, அடுத்தவங்க நத்தை?" என்று கேட்டாள்.

அவளுக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. எங்கள் தாலுகாவில் நத்தை மருந்து வாங்கக் கடைக்குப் போகிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். 1989இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். இரண்டு ஏக்கர் மணல் கொல்லை. முல்லை, தென்னை, வீட்டோரம் மூன்று மா. நான் வந்தபோது கொல்லையைச் சுற்றிலும் உயிர்வேலி இருந்தது. கிளுவை, நொச்சி, இடையிடையே சங்கஞ்செடி, வாய்க்கால் பக்கம் தாழை. மேலே கோவையும் பிரண்டையும் படர்ந்து, கோழி நுழையக்கூட இடம் இருக்காது. அந்த வேலிக்குள் ஒரு ஜோடி செம்போத்து குடியிருந்தது. என் மாமியார் வெள்ளிக்கிழமை காலையில் அது குறுக்கே நடந்துபோவதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் மலர்ந்திருப்பார். நல்ல சகுனம் என்பார்.

செம்போத்தை யாழ்ப்பாணத்தில் செண்பகம் என்பார்கள். காக்கையைவிடச் சற்றுப் பெரிது. கரிய உடம்பு, செங்கல் நிறச் சிறகு, ரத்தச் சிவப்பில் கண். மூக்கிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். குயில் குடும்பத்தில் பிறந்தாலும் குயிலின் குணம் இதற்கு இல்லை. அடுத்த கூட்டில் முட்டையைத் தள்ளிவிட்டுப் போகாது. அடர்ந்த புதருக்குள் தானே கூரை வைத்த கூடு கட்டும். மூன்றிலிருந்து ஐந்து முட்டை இட்டு ஆணும் பெண்ணும் சேர்ந்து வளர்க்கும். குஞ்சு கூட்டை விட்டு இறங்க 18 முதல் 22 நாள் ஆகும். பறவை என்று பெயரே தவிர, இதற்குப் பறப்பதில் பெரிய விருப்பம் கிடையாது. தரையில்தான் நடக்கும். வேலி ஓரமாக ஒவ்வோர் இலையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு, காணாமல்போன மோதிரத்தைத் தேடுகிற மாதிரி நடக்கும்.

அது தேடுவது எதை என்று நான் வெகுநாள் கவனித்திருக்கிறேன். தாழம்புதர் அடியில் உடைந்த ஓடுகள் கிடக்கும். எல்லாம் கோடு போட்ட ஓடு. எங்கள் வீட்டில் அதைக் கோட்டு நத்தை என்போம். அறிவியலில் டிராக்கியா விட்டாட்டா என்று பெயர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில், கோடியக்கரையில், வி. நடராஜன் என்ற ஆய்வாளர் செம்போத்தின் இரையைப் பற்றி ஆராய்ந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1993இல் எழுதினார். அங்கே செம்போத்து அதிகமாகத் தின்றது இந்த நத்தையைத்தான். பல்லி, ஓணான், சுண்டெலி, கம்பளிப்பூச்சி, சிறு பாம்பு என்று எது கிடைத்தாலும் விடாத பறவை. அதற்கு எங்கள் பக்கத்துச் சோறு இந்தக் கோட்டு நத்தை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தின்கிற பறவைக்கும் தின்னப்படுகிற நத்தைக்கும் எவ்வளவு ஒற்றுமை! இரண்டும் நிழலை விட்டு அதிகம் வெளியே வராது. இரண்டுக்கும் மழைதான் நல்ல காலம். சித்திரை வெயிலில் நத்தை கிளுவைத் தண்டிலோ கள்ளியிலோ ஒட்டிக்கொண்டு, ஓட்டின் வாயை மெல்லிய சவ்வால் அடைத்துவிட்டு உறங்கும். முதல் மழை பெய்ததும் சவ்வைக் கிழித்துக்கொண்டு இறங்கும். செம்போத்தும் மழையை ஒட்டித்தான் கூடு வைக்கும். மழை ஓய்ந்த காலையில் ஈரச் சிறகை விரித்து, வேலி உச்சியில் உட்கார்ந்து வெயில் காயும். இரண்டுமே வெட்டவெளியைக் கடந்து இன்னோர் இடத்துக்குப் போய்க் குடியேறுகிற ஜீவன்கள் அல்ல. நத்தை வீட்டை முதுகில் சுமக்கிறது என்கிறோம். ஆனால் நத்தைக்கும் செம்போத்துக்கும் உண்மையான வீடு வேலி.

இன்னொன்றும் உண்டு. நத்தையின் கூட்டை ஓடு என்கிறோம். முட்டையின் தோலையும் ஓடு என்கிறோம். நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பது பொருத்தம்தான், இரண்டும் ஒரே சுண்ணாம்பால் ஆனவை. நெதர்லாந்தில் அமில மழையால் காட்டு மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைந்தபோது நத்தைகள் அருகின. அந்தக் காடுகளில், நம் பட்டாணிக் குருவிக்கு நெருங்கிய உறவான ஒரு குருவி, மெல்லிய ஓடுள்ள முட்டைகளை இட்டது. ஓடே இல்லாமலும் இட்டது. ஆய்வாளர்கள் நத்தை ஓட்டையும் கோழி முட்டை ஓட்டையும் நொறுக்கிப் போட்டபோது முட்டைகள் தேறின. 1994இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. எங்கோ மண்ணில் கரைந்த சுண்ணாம்பு நத்தையின் முதுகேறி, அங்கிருந்து குருவியின் முட்டைக்குப் போகிறது. நத்தையையே சோறாக நம்பியிருக்கிற ஒரு பறவைக்கும் இது பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆப்பிரிக்க நத்தையின் கதை வேறு. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது, மொரீசியஸ் வழியாக இங்கே வந்தது. 1847இல் வில்லியம் பென்சன் என்பவர் அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. அங்கிருந்து செடியோடும் மண்ணோடும் மரத்தடியோடும் நாடெங்கும் பரவியது. வளர்ந்த நத்தை உள்ளங்கை நிறையும். ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் இருப்பதால் எல்லாமே முட்டையிடும். ஒரு தடவைக்கு 200 முட்டை வரை, வருஷத்தில் பல தடவை. வாழை, பப்பாளி, கத்திரி, முல்லைத் துளிர் எதையும் விடாது. ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று வீட்டுச் சுவரைக்கூடச் சுரண்டும். உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. மூளை உறையில் அழற்சி உண்டாக்கும் ஒரு புழுவையும் சுமந்து திரியும். அதனால்தான் ரப்பர் உறை. அதனால்தான் பேரனைத் தொட விடுவதில்லை.

எங்கள் கொல்லைக்கு இது வந்தது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அந்தப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. காலையில் கதவைத் திறந்தபோது எங்கள் 62 தென்னையில் 9 நின்றிருந்தது. வேலி முழுக்கச் சாய்ந்து மண்ணோடு படுத்துவிட்டது. விழுந்ததை அள்ள இயந்திரம் வந்தபோது வேலியின் வேரையும் சேர்த்து அள்ளச் சொன்னது நான்தான். கல்தூண் நட்டு முள்கம்பி கட்டினோம். சுத்தமாக இருக்கிறது, பாம்பு பயம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருஷம் வெளியூர் நர்சரி ஒன்றிலிருந்து தென்னங்கன்றும் மாங்கன்றும் வாங்கினோம். அந்தக் கன்றுகளின் மண்ணில் மிளகு அளவில் மஞ்சள் முட்டைகள் இருந்ததைப் பார்த்தேன். எறும்பு முட்டை என்று நினைத்து அப்படியே நட்டேன்.

இரண்டு மழைக்காலம் போனது. முல்லைக் கொடியின் நுனி மொட்டையானது. கடையில் கேட்டேன், நீல நிறக் குருணை ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். மெட்டல்டிஹைடு. சாயங்காலம் தூவினேன். விடிந்து போய்ப் பார்த்தால் பெரிய நத்தை 11 செத்துக் கிடந்தது. கம்பி வேலி ஓரத்தில் மிச்சமிருந்த இரண்டு கிளுவைத் தூர்களின் அடியில் கோட்டு நத்தைகள் சளி கக்கிச் செத்துக் கிடந்தன. எண்ணத் தொடங்கி, எண்பதுக்கு மேல் எண்ணாமல் விட்டேன். பெரிய நத்தை அடுத்த வாரமே அதே அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்து மனையிலிருந்தும் மண்ணுக்குள் இருந்த முட்டையிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். கோட்டு நத்தை வரவில்லை. மூன்று வருஷம் அந்தத் தூர்களில் ஒன்றுகூட ஏறவில்லை. விடியற்காலையில் குடத்துக்குள் ஊதுகிற மாதிரி ஊப் ஊப் என்று கேட்கும் சத்தமும் எங்கள் பக்கம் நின்றுபோனது.

நான் தூவிய மருந்துதான் பறவையை விரட்டியது என்று சொல்லமாட்டேன். அதற்கு முன்பே அதன் வீட்டை இயந்திரம் வைத்து அள்ளியாகிவிட்டது. வீட்டை முதலில் எடுத்தேன், சோற்றை அடுத்து எடுத்தேன். கொல்லையில் எனக்கு மிஞ்சியது நான் ஒழிக்க நினைத்த நத்தை மட்டும்.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கத்தான் வேண்டும்; அதில் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் திறந்த வெளியில், அதுவும் வேலி ஓரத்தில், விஷக் குருணை தூவுவதை நிறுத்த வேண்டும். குருணைக்கு இந்த நத்தை, அந்த நத்தை என்று பேதம் தெரியாது. நாய் தின்றால் நாய் சாகும். பறவைக்கும் பாலூட்டிகளுக்கும் ஆபத்து என்று சொல்லி, பிரிட்டனில் 2022 முதல் திறந்தவெளியில் மெட்டல்டிஹைடைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டார்கள். அங்கே வேண்டாம் என்று ஒதுக்கியதை நான் ஒரு கேள்வியும் கேட்காமல் பாக்கெட்டைப் பிரித்துத் தூவியிருக்கிறேன்.

மருந்து வேண்டாம் என்றால் நத்தையைத் தின்கிற ஏதாவது ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடலாமே என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அதைச் செய்து பார்த்து அழிந்த ஊர்கள் உண்டு. ஹவாய்த் தீவுகளுக்கு ஆப்பிரிக்க நத்தை 1936இல் போனது. அதை ஒழிக்க 1955இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து நத்தை தின்னும் நத்தை ஒன்றை இறக்கினார்கள். அது பெரிய நத்தையை விட்டுவிட்டு, மரத்தில் வாழ்ந்த சின்னஞ்சிறு உள்ளூர் நத்தைகளைத் துரத்தித் துரத்தித் தின்றது. வேறெங்கும் இல்லாத அந்த மர நத்தைகளில் ஓர் இனத்தின் கடைசி உயிர், ஜார்ஜ் என்று பெயரிட்டு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒற்றை நத்தை, 2019 ஜனவரி 1 அன்று செத்தது. பசிபிக்கில் மோரேயா என்ற தீவிலும் 1977இல் இதையே செய்தார்கள். பத்து வருஷத்தில் அந்தத் தீவுக்கே சொந்தமான பார்ட்டுலா நத்தைகள் காட்டில் ஏறக்குறைய அழிந்தே போயின. ஆப்பிரிக்க நத்தை இன்னும் இருக்கிறது.

நமக்கு ஆள் இறக்க வேண்டிய அவசியமே இல்லை. செம்போத்து ஆப்பிரிக்க நத்தையையும் தின்னும். இந்தியாவிலும் இலங்கையிலும் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அது ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். 200 முட்டை இடுகிற ஜீவனை நாலு குஞ்சு பொரிக்கிற பறவை தனியாக வெல்ல முடியாது. ராத்திரிப் பங்கு என்னுடையது, பகல் பங்கு அதனுடையது. நான் பெரியதைப் பொறுக்குகிறேன். அது இலைக்கடியில் என் கண்ணுக்குத் தப்பிய குட்டியைப் பொறுக்கட்டும். அதற்கு வருஷம் முழுக்கச் சோறு போட்டு இங்கேயே வைத்திருப்பது கோட்டு நத்தை. நம்ம நத்தை என்று நான் சொன்னதற்கு இதுதான் பொருள்.

உயிர்வேலி வைத்தால் ஆப்பிரிக்க நத்தையும் அதிலேதானே ஒளியும் என்று கேட்பார்கள். ஒளியும், மறுக்கவில்லை. கம்பி வேலி போட்டாலும் அது மட்டைக் குவியலில் ஒளியும், தொட்டி அடியில் ஒளியும், கல்லடியில் ஒளியும். வேலி இருந்தால் எங்கே தேடுவது என்றாவது நமக்குத் தெரியும். வேலி அடியில் நனைத்த சாக்கை விரித்து, அதற்குள் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு வைத்தால் ராத்திரி தின்ன வந்தவை பகலில் சாக்குக்குள்ளேயே கிடக்கும். உறை போட்ட கையால் எடுத்து உப்புத்தண்ணீரில் போட்டுப் பிறகு ஆழக் குழிதோண்டிப் புதைக்கலாம். உப்புக்கு எங்கள் வேதாரண்யத்தில் பஞ்சமில்லை. அதை வாளியில் கரையுங்கள். மண்ணில் தூவி மண்ணைக் கெடுக்காதீர்கள். முட்டைக் குவியலைத் தேடி நசுக்குவது இன்னும் மேல். ஒரு குவியலை நசுக்கினால் ஒரு வாளி நத்தை மிச்சம்.

பாம்பு வரும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலி இருந்த 29 வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரையும் பாம்பு கடிக்கவில்லை. செம்போத்து சிறு பாம்பையும் அடித்துத் தின்னும். அதன் கறி இளைப்புக்கு நல்லது என்று கண்ணி வைக்கிறவர்களும், கூட்டில் சஞ்சீவி வேர் இருக்கும் என்று நம்பிக் கூட்டைப் பிரிக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இளைப்புக்கு அரசு மருத்துவமனையில் மருந்து இருக்கிறது. செம்போத்தைப் பிடிப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அரசாங்கத்திடம் கேட்பது மூன்று. புயல் நிவாரணத்திலோ மானியத்திலோ கன்று கொடுக்கும்போது, கன்றின் மண்ணைச் சோதித்து நத்தை முட்டை இல்லை என்று பார்த்துக் கொடுங்கள். கம்பி வேலிக்கு மானியம் கொடுப்பதைப்போல உயிர்வேலி நடுகிறவர்களுக்கும் ஏதாவது கொடுங்கள். கிளுவைப் போத்தும் தாழங்கன்றும் பெரிய செலவில்லை. வேளாண் அலுவலகச் சுவரில் இரண்டு நத்தையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இதை எடு, இதை விடு என்று எழுதி வையுங்கள். வயலில் பிடித்துக் கறி வைக்கிற நீர் நத்தையையும் இந்த ஆப்பிரிக்க நத்தையையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்களுக்கும் அந்தப் படம் உதவும்.

மற்றது நாம் செய்ய வேண்டியது. எங்கள் கொல்லையில் 2022 ஆடியில் கிளுவைப் போத்து நட்டோம். வாய்க்கால் ஓரம் தாழை வைத்தோம். கம்பியை எடுக்கவில்லை, அதன் மேலேயே கோவை படர்ந்துவிட்டது. போன ஐப்பசியில் முதல் கோட்டு நத்தை கிளுவையில் ஏறியது. மார்கழிக்குள் பன்னிரண்டு ஆனது. தை மாதம் ஒரு விடியற்காலையில் மருமகள்தான் என்னை எழுப்பினாள். தெற்கு மூலையில் செம்போத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கூடு வைக்கவில்லை, வந்துவிட்டுப் போய்விட்டது.

அது ஏன் தங்கவில்லை என்பதற்கும் ஓர் ஆய்வில் விடை இருக்கிறது. தென்னிந்தியாவில் கூடு கட்டுகிற ஒரு ஜோடி செம்போத்து இரை தேடுகிற எல்லை சராசரி 3.8 ஹெக்டேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்பது ஏக்கருக்கு மேல். எங்களிடம் இருப்பது இரண்டு ஏக்கர். ஒரு ஜோடிச் செம்போத்துக்கு எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக் கொல்லை சேர வேண்டும். கிழக்கு வீட்டு அண்ணன் இந்த ஆடியில் வேலி நடுகிறேன் என்றிருக்கிறார். அவருக்கான போத்தை நானே வெட்டித் தருகிறேன். மேற்கே இரண்டு வீட்டில் இன்னமும் குருணைப் பாக்கெட் இருக்கிறது. நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு மருமகளைத்தான் அனுப்பப் போகிறேன். இது எந்த நத்தை, அது எந்த நத்தை என்று இப்போது அவளே சொல்லுவாள்.